ஊட்டிக்குக் குடும்பத்தோடு ரயிலில்: ஏஜென்டிடம் பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: மே 10-ஆம் தேதி வாக்கில் சென்னையிலிருந்து ஊட்டி போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, அப்பா (70), அம்மா (66), ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். ரயிலிலேயே போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எங்கள் தெரு டிராவல்ஸ்காரர் நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயில் இரண்டுக்கும் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். தலைக்கு 300 ரூபாய் கமிஷன். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தாலும் கன்ஃபர்ம் ஆகிவிடும் என்கிறார். நம்பலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. கீழ் பெர்த் கிடைக்குமா?

பதில்: அந்த 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ரயில்வேயின் ஆன்லைன் டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஒரு டிக்கெட்டுக்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ஸ்லீப்பருக்கு 20 ரூபாய், ஏசிக்கு 40 ரூபாய். தலைக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. அதற்கு மேல் கேட்பவர், பெரும்பாலும் தன் சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்து விற்பவர். ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி அது குற்றம். சோதனையில் அவர் பிடிபட்டால் உங்கள் டிக்கெட்டுக்கும் சிக்கல் வரும்.

'வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகிவிடும்' என்ற வாக்குறுதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. யாராவது ரத்து செய்தால்தான் இடம் நகரும். மே மாதத்தில் ஊட்டி டிக்கெட்டை யார் ரத்து செய்வார்கள்? ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லாரும் சார்ட் (ரயில் கிளம்பும் முன் போடும் கடைசிப் பயணிகள் பட்டியல்) போடும்வரை வெயிட்டிங்கிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்குத்தான் திரும்பும். அதாவது ஏஜென்டின் கணக்குக்கு. 'இன்னும் வரலை சார், அடுத்த வாரம் பாருங்க' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே கடைக்கு நடப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். யாரிடம் எடுத்தாலும் டிக்கெட்டில் உங்கள் கைபேசி எண்தான் இருக்க வேண்டும். தன் எண்ணைப் போட்டுக்கொள்ளும் ஏஜென்டை அப்போதே விட்டு விலகிவிடுங்கள்.

நீங்களே எடுக்கலாம், கஷ்டமில்லை. 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் பதிவு திறக்கிறது. 120 நாள் என்ற பழைய கணக்கில் இருக்காதீர்கள். மே 10 பயணத்துக்கு மார்ச் 11 காலை 8 மணி. உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முந்தின வாரமே முடித்து வையுங்கள். பதிவு திறந்தவுடன் வரும் அந்த முதல் நேரம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும்தான். பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும் அவசரப் பதிவான தட்கலை நம்பி இருக்காதீர்கள். 'தட்கலில் பார்த்துக்கலாம்' என்று ஏஜென்ட் சொன்னால், முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் தட்கல் பதிவே செய்ய முடியாது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

இப்போது அம்மாவின் கீழ் பெர்த். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ் பெர்த்துகள் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர்தான் இருக்க வேண்டும்; இருவருமே அந்த வயது வரம்புக்குள் வர வேண்டும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டை கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. பொது இடங்களில் கீழ் பெர்த் மிச்சமிருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் மேல் பெர்த்தைக் காட்டிவிடும். அம்மாவோடு உங்கள் மனைவியைச் சேர்த்தாலும், அவருக்கு 45 ஆகாதவரை இதே கதைதான். ஆகவே அப்பா, அம்மா இருவருக்கும் தனி டிக்கெட். கோட்டா என்ற இடத்தில் 'ஜெனரல்' என்று விட்டுவிடாமல் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று மாற்றுங்கள். நீங்கள், மனைவி, மகள் மூவருக்கும் இன்னொரு டிக்கெட். இரண்டு டிக்கெட்டும் வேறு வேறு பெட்டியில் விழலாம். விழுந்தால் பரவாயில்லை, ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்ப் படுங்கள். அறுபத்தாறு வயதில் அம்மா ஏணி ஏறுவதைவிட அது மேல்.

இந்த விதியை முன்பதிவுப் படிவத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் எத்தனை பாட்டிமார் நிம்மதியாகப் படுப்பார்கள்! செய்ய மாட்டார்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போயே போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. 'சீனியர் கன்செஷன் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் பொய்.

குழந்தைகள் விஷயம் சுருக்கமாக. நான்கு வயது மகனுக்கு பெர்த் கேட்காதவரை கட்டணம் இல்லை. மகளுக்கு இரண்டு வழி: பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம், பெர்த் வேண்டாம், உங்களோடு ஒட்டிக்கொண்டு படுப்பாள் என்றால் பாதி. முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதி டிக்கெட் போடும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் மகள் பெயருக்கு நேரே பாருங்கள். பெர்த் எண் இல்லாமல் 'என்ஓஎஸ்பி' என்று இருந்தால் அவளுக்கு இடம் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ராத்திரி முழுக்கக் காலை நீட்ட வேண்டும். முழு டிக்கெட்டே எடுங்கள்.

அப்புறம், மலை ரயில். நீலகிரி எக்ஸ்பிரஸ் உங்களை இறக்கிவிடும் மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணியைத் தாண்டிக் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். பெட்டிகள் சில, இடங்கள் குறைவு. மே மாதத்தில் அதற்கு 'நிச்சயம்' என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவு திறந்த காலையிலேயே முயலுங்கள். கிடைக்காவிட்டால் வருத்தம் வேண்டாம்: மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் குன்னூர் வரை போய், அங்கிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். ஏறத்தாழ 19 கிலோமீட்டர். குன்னூர்–ஊட்டி இடையே ஒரு நாளைக்குப் பல ரயில்கள் உண்டு. கல்லாரிலிருந்து குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதை இதில் விட்டுப்போகும், அது ஒரு குறைதான். ஆனால் ஐந்து மணி நேரம் மடங்கி உட்காரும் வேதனை அம்மாவின் முழங்காலுக்கு இருக்காது.

கடைசியாக ஒன்று. 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அதைச் சொல்லி பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களிடம் 'பாஸ் போட்டுத் தருகிறேன்' என்று காசு பிடுங்குகிறார்கள். இ-பாஸ் வாகனங்களுக்குத்தான், அதுவும் இலவசம். ரயிலிலோ அரசுப் பேருந்திலோ போகும் உங்களுக்கு அது தேவையே இல்லை.