அலசினால் ருசி போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கிறேன். நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுகிறோம். போன மாதம் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்தோம். எல்லோரும் ‘ஆகா’ என்றோம். ஒருவர் மட்டும், ‘நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, இதில் கவிதை எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார். பேச்சு தடித்துவிட்டது. இந்த மாதம் அவர் வரவில்லை. ரசித்ததோடு விட்டுவிடக் கூடாதா? அலசினால் ருசி போய்விடாதா? விமர்சனம் செய்ய எங்களுக்கு என்ன தகுதி?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆறு பேரில் அந்தப் பாட்டை உண்மையிலேயே வாசித்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘கவிதை எங்கே இருக்கிறது?’ என்பதைவிட நல்ல கேள்வி ஒரு கூட்டத்தில் எழாது. அதற்கு ‘ஆகா’ பதிலாகாது. பாட்டைத் திறந்து காட்டத்தான் வேண்டும்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் ஒன்றரை வரியைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரி. காதலித்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான் அது. ஆனால் ‘சாரல்’ என்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பூமி, ஆகாயம், கடல் என்று தன் காதலை அளந்துகொண்டு போன தலைவி சட்டென்று ஒரு மலைச்சரிவில் இறங்குகிறாள். அங்கே ஒரு செடி, அதன் கறுத்த தண்டு, அதில் பூ. குறிஞ்சி எவ்வளவு சின்னப் பூ என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் உங்கள் மலையிலேயே பார்த்திருப்பீர்கள். இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். ஒரு பூவில் எத்தனை துளி தேன் இருந்துவிடும்? அதை வைத்துப் பெருந்தேன் சேர்கிறது. நிலத்தையும் வானத்தையும்விடப் பெரிய ஒன்று எப்படி உண்டானது என்பதற்கான பதில் இதற்குள் இருக்கிறது. தேனீ என்ற பேச்சே பாட்டில் இல்லை, கவனித்தீர்களா? அந்த ஓயாத உழைப்பை நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் பெரிய பெரிய அளவுகளில் மயங்கி அங்கேயே நின்றிருப்பேன். இதை எழுதும்போது பாட்டு எனக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது. ருசி போய்விடுமா என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவம் இதுதான்.

அப்புறம், யார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் பாட்டின் துறைக்குறிப்பைப் படித்தீர்களா? தலைவன் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் சீக்கிரம் மணம் முடிக்க வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறை சொல்கிறாள். அதற்குத் தலைவி சொல்லும் மறுமொழிதான் இந்த நான்கு வரிகள். தோழி பழிக்காமல் இருந்திருந்தால் தலைவி வாய் திறந்திருக்கவே மாட்டாள். உங்கள் கூட்டத்திலும் ஒருவர் தோழியின் வேலையைச் செய்தார். மறுமொழி சொல்ல வேண்டிய ஐந்து பேரும் கோபித்துக்கொண்டீர்கள்.

தகுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலையிலிருந்து இறங்கினால் வத்தலக்குண்டு. எழுத்தாளரும் விமர்சகருமான சி.சு. செல்லப்பாவின் ஊர். அவர் பேராசிரியர் இல்லை. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையை முதன்மையாக விமர்சனத்துக்காகவே தொடங்கினார். அதே ஊர்க்காரரும் நண்பருமான பி.எஸ். ராமையாவின் சிறுகதைகளை எடுத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இன்னொரு விமர்சகரான க.நா.சு.வின் (க.நா. சுப்ரமண்யம்) வழி வேறு: படித்தார், தேர்ந்தார், பெயர்களைப் பட்டியலிட்டார். எத்தனையோ நல்ல புத்தகங்கள் அந்தப் பட்டியல்கள் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் எனக்குச் செல்லப்பாவின் அலசல் வழியே நெருக்கமானது. ‘நல்ல கதை’ என்று சொன்னால் நான் நம்பலாம், அல்லது நம்பாமல் போகலாம். எந்த வரியில், எந்தத் திருப்பத்தில் நல்ல கதை என்று காட்டினால் நானே போய்ப் பார்த்து, இல்லை என்று மறுக்கவும் முடிகிறது. அதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். புத்தகம் கையில் திறந்திருந்தால் போதும்.

இன்னொன்று. விமர்சனத்துக்கென்று வந்த அதே ‘எழுத்து’தான் தமிழில் புதுக்கவிதைக்கு வீடாக இருந்தது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு அங்கிருந்துதான் வந்தது. அலசல் படைப்பைக் கொன்றுவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

நண்பரை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். போனில் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குக் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு, ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’. கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகி அச்சாகி எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. அவரையே முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் என்ன குறை சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.