ஷாட்கன் இருக்கட்டும், உங்க விசா என்ன தம்பி?

தம்பி, டெக்சாஸ்ல இருக்கற கேட்டி ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, போன வாரம் ரெண்டு வீடு தள்ளி ஆள் இல்லாத வீட்ல பட்டப்பகல்ல திருட்டு, நைட் ஷிஃப்ட் நாள்ல வீட்டம்மா தனியா இருக்கப் பயப்படுறாங்க, 300 டாலருக்குள்ள நல்ல பம்ப் ஷாட்கன் (ஒவ்வொரு தடவை சுட்டதும் முன்பிடியை இழுத்துத் தள்ளற துப்பாக்கி) எதுன்னு கேட்டிருக்கீங்க. எந்த விசாவுல இருக்கீங்கன்னு மட்டும் எழுதலை. எனக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதான்.

எச்-1பி, எல்-1 வேலை விசா, எச்-4 குடும்ப விசா, எஃப்-1 மாணவர் விசா, இதுல எதுல வந்திருந்தாலும், நாடு முழுக்கச் செல்லற கூட்டரசு (ஃபெடரல்) சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ நீங்க வச்சிருக்கவே கூடாது. டெக்சாஸ்ல லைசென்ஸே வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. அது சிட்டிசனுக்கும் கிரீன் கார்டுக்காரருக்கும்தான். மாட்டினா 15 வருஷம் வரைக்கும் தண்டனை, அதோட நாடு கடத்தலும் உண்டு. கடையில நிரப்பச் சொல்ற 4473 படிவத்துல இதை நேரடியாவே கேக்கறாங்க. அங்க பொய்யா டிக் பண்ணினா அது தனிக் குற்றம். படிவமே கேக்காத தனியார் ஆள்கிட்ட வாங்கினாலும் வச்சிருக்கறது குற்றம்தான்.

விதிவிலக்கு ஒண்ணு இருக்கு: செல்லுபடியான வேட்டை லைசென்ஸ் இருந்தா எச்-1பிக்காரரும் வாங்கலாம். ரெண்டு பேர் அப்படி வாங்கினதை நானே பார்த்திருக்கேன். ஆனா லைசென்ஸ் காலாவதி ஆன அன்னைக்கே வீட்ல இருக்கற துப்பாக்கி சட்டவிரோதமாயிடும். கிரீன் கார்டு வரிசையில பத்து வருஷமா நிக்கற ஆளு இந்த நூல்ல ஏன் நடக்கணும்? எனக்கு 2014-ல கார்டு வந்துச்சு. அதுவரைக்கும் தோட்டாவைக்கூட நான் தொட்டதில்லை.

உங்ககிட்ட கிரீன் கார்டு இருக்குன்னே வச்சுக்குவோம். உங்க பட்ஜெட்டுக்கு மேவரிக் 88. மாஸ்பெர்க் கம்பெனியோட மலிவு மாடல், நம்ம டெக்சாஸ்லயே, மெக்சிகோ எல்லையில இருக்கற ஈகிள் பாஸ்ல தயாராகுது. 250 டாலருக்குப் பக்கத்துல கிடைக்கும். குழல் 18.5 அங்குலம் இருக்கற மாடலா கேளுங்க. 18-க்குக் கீழ போனா அதுக்கு வேற சட்டம். இதோட அண்ணன் மாஸ்பெர்க் 500-ல சேஃப்டி (தவறிச் சுடாம தடுக்கற பொத்தான்) மேல, கட்டை விரலுக்கு நேரா இருக்கும். 88-ல ட்ரிகர் பக்கத்துல குறுக்குப் பொத்தான். இடது கைக்காரரா இருந்தா கூடுதல் காசு போட்டு 500 வாங்கலாம். இல்லன்னா தேவையில்லை. பழைய ரெமிங்டன் 870 நல்ல துப்பாக்கிதான், ஆனா செகண்ட் ஹேண்ட்ல எது நல்லதுன்னு பார்க்கத் தெரிஞ்சவங்க கூட இருக்கணும்.

நம்ம ஊர்ல துப்பாக்கின்னா நான் பார்த்தது பேங்க் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கற காவலாளியோட ரெட்டைக் குழல்தான். இங்க கடைக்காரர் காலி 88-ஐக் கையில கொடுத்ததும், சினிமாவுல பார்த்த நினைப்புல முன்பிடியைப் பின்னால இழுத்தேன். அசையலை. கெட்டுப்போன பீஸைத் தலையில கட்டறாருன்னு நினைச்சேன். அவர் ஒண்ணும் பேசாம ட்ரிகர் வளையத்துக்குப் பின்னால இருந்த சின்ன நெம்புகோலைக் காட்டினார். அதை அழுத்தினாதான் திறக்கும். சுட்டுப் பழகற ரேஞ்சுல முதல் நாள் வேற கூத்து. இழுக்கறப்போ பயந்து பயந்து பாதியில விட்டுட்டேன், சுட்ட கூடு உள்ளயே சிக்கிக்கிச்சு. பம்ப்ல இதுதான் பெரிய வம்பு: கடைசி வரைக்கும் வேகமா இழுத்து, வேகமாத் தள்ளணும். பகல்ல, பதற்றமில்லாத நேரத்துலயே எனக்கு வரலை. ராத்திரி மூணு மணிக்கு வரணும்னா நூறு தோட்டாவாவது சுட்டுப் பழகியிருக்கணும். பழகாம அலமாரியில வைக்கறதுக்கு வாங்கவே வேண்டாம்.

வீட்டம்மாவும் எடுக்கற மாதிரின்னா 12 கேஜ் வேண்டாம், 20 கேஜ் பாருங்க. கேஜ்ங்கறது குழலோட அளவு, எண் கூடினா குழல் சின்னது, தோள்ல உதைக்கறதும் கம்மி. 88-ல அதுவும் இருக்கு. 12 கேஜ் முதல் நாளே என் மனைவியோட தோளைக் கன்னிப்போக வச்சுடுச்சு. அதுக்கப்புறம் அவ அந்தப் பக்கமே வரலை.

"ஷாட்கன்னா குறி பார்க்கவே வேண்டாம், அந்த கர்ரக்-கர்ரக் சத்தம் கேட்டாலே ஓடிடுவான்"னு சொல்லுவாங்க. ரெண்டையும் நம்பாதீங்க. ஒரு தோட்டாவுல இருந்து பல சின்னக் குண்டுகள் வந்தாலும், ஒரு ரூம் தூரத்துல அது பெருசா விரியாது, குறி பார்த்தே ஆகணும். இன்னொண்ணு, இங்க வீட்டுக்குள்ள இருக்கற சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்துல அடிச்ச ஜிப்சம் பலகை. பெரிய ஈயக் குண்டுகள் இருக்கற தோட்டாவான பக்‌ஷாட் அதைத் துளைச்சு அடுத்த ரூமுக்குப் போகும். அங்க யார் படுத்திருக்காங்க? துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி ஹால்ல நின்னு, எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடவே கூடாதுன்னு பாருங்க. என் வீட்ல சுடக்கூடிய பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு.

குழந்தை இருந்தா பெட்டிக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்க. 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி எட்டற மாதிரி விட்டா, டெக்சாஸ்ல அதுவே குற்றம். என்னுது பூட்டின பெட்டியில, குழலுக்குப் பின்னால தோட்டா உட்கார்ற அறை காலியாதான் இருக்கு.

ஒரு விஷயம் உறுத்துது. அந்த வீட்ல திருட்டு நடந்தது ஆள் இல்லாதப்போன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுக்கு ஷாட்கன் என்ன பண்ணும்? நகையோட சேர்த்து அதையும் அள்ளிட்டுப் போவான். நம்மாளுங்க வீட்ல தங்கம் இருக்கும்னு அவனுக்கும் தெரியும். தாலிக்கொடி, வளையல் தவிர மத்ததை பேங்க் லாக்கர்ல வைங்க. வாசக்கதவு நிலையில பூட்டு விழற தகட்டைக் கழட்டிப் பாருங்க, பல வீட்ல முக்கால் அங்குல ஸ்க்ரூதான் இருக்கும். ஒரு உதை தாங்காது. மூணு அங்குல ஸ்க்ரூ ஒரு பாக்கெட் பத்து டாலருக்குள்ள வரும்.

விசாவை எழுதுங்க. கிரீன் கார்டுன்னா சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்க, என் 88-ஐயே சுட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம். எச்-1பின்னா ரேஞ்சுல வாடகைத் துப்பாக்கியைக் கையில எடுத்தாக்கூட உங்களுக்குச் சிக்கல்தான். அப்ப நான் ட்ரில் மெஷினை எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வர்றேன்.