சிசேரியன் காயத்துக்கு பி.ஆர்.பி.: கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில்): மனைவிக்கு இரண்டாவது சிசேரியன். முதல் தடவை காயம் ஆற நெடுநாள் சென்றது. பி.ஆர்.பி. வைக்கலாம் என்கிறார்கள், அது என்ன?

பதில்: தாயின் குருதியில் சிறிதளவை எடுத்து, உறையாமல் தடுக்கும் சித்திரேற்று உள்ள குழாயில் இட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் செறிந்த பிளாஸ்மா பிரிந்து வரும். இதுவே பி.ஆர்.பி. (Platelet-Rich Plasma). ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் வழமையாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும் சிறுதட்டுகள் இதில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மடங்காக இருக்கும். அவை வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் புதிய குருதிக்கலன்களும் இழையமும் உருவாகத் தூண்டுகின்றன. தோலைத் தைத்து மூடுமுன் அதன் கீழே இதனை இடுவதால் இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படாது.

கேள்வி (சாவகச்சேரி): கர்ப்பகால நீரிழிவும் உடற்பருமனும் உள்ள எனக்குப் பயன் தருமா?

பதில்: ஈரானிலும் எகிப்திலும் நடந்த ஆய்வுகளில், சிவத்தல், வீக்கம், கண்டல், கசிவு, விளிம்புகள் ஒட்டுதல் ஆகிய ஐந்தையும் புள்ளியிடும் ரீடா அளவுகோலின்படி, பி.ஆர்.பி. பெற்றவர்களின் காயம் விரைவாக ஆறியதாகக் கண்டார்கள். ஆயினும் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். தயாரிக்கும் முறையும் இடத்துக்கிடம் வேறுபடுகிறது. ஆகவே இதை மேலதிக உதவியாகவே கருதுகிறேன். கீறலுக்கு முன்பே ஏற்றும் நுண்ணுயிர்க்கொல்லிக்கும், 2 செ.மீ.இற்கு மேற்பட்ட கொழுப்புப் படையைத் தனியாகத் தைப்பதற்கும், சீனிக் கட்டுப்பாட்டுக்கும் இதைவிட வலுவான சான்று உண்டு. சீனியைக் கவனியாமல் விட்டுவிட்டு பி.ஆர்.பி.க்குப் பணம் தேடுவோரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கேள்வி (பருத்தித்துறை): பாலூட்டலாமா?

பதில்: தாராளமாக. அது உங்கள் சொந்தக் குருதியே.

கேள்வி (மானிப்பாய்): கர்ப்ப காலத்தில் அஸ்பிரின் எடுத்தேன். தடையா?

பதில்: அஸ்பிரின் பட்ட சிறுதட்டு தன் ஆயுள் முழுவதும், அதாவது ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள், மந்தமாகவே இருக்கும், ஆகையால் கடைசி மாத்திரை எடுத்த திகதியை வைத்தியருக்குச் சொல்லுங்கள். டெங்குக் காய்ச்சலாலோ கடுமையான கர்ப்பகால உயர் குருதியமுக்கத்தாலோ சிறுதட்டு எண்ணிக்கை வீழ்ந்தவர்களுக்கும், குருதியில் தொற்று உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

கேள்வி (வேலணை): மாமியார் தையலில் மஞ்சள் பூசவும், முட்டையைத் தவிர்க்கவும் சொல்கிறார்.

பதில்: காயத்தில் எதையும் பூசாதீர்கள். மிளகும் உள்ளியும் சேர்த்த பத்தியக் கறியில் குறையில்லை. மீனும் முட்டையும் தாராளமாக உண்ணுங்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும். சீழ் கசிந்தாலோ, தையல் விரிந்தாலோ, காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டாலோ, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.