கியூபெக் அரை நாளில் பார்க்கிற ஊரா?

கேள்வி: ஆவணியில் மொன்றியல் போகிறோம். நானும் கணவரும், 9, 4 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் நோவுள்ள மாமி. திரும்பும் வழியில் கியூபெக்கின் பழைய நகரத்தையும் அரை நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் தோழி. பழைய கட்டடங்கள்தானே, அது போதுமா? அங்கே ஆங்கிலம் பேச மாட்டார்களாமே? மாமி சைவம், சாப்பாடு கிடைக்குமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கியூபெக் நகரம் நீங்கள் திரும்பும் வழியில் இல்லை. மொன்றியலிலிருந்து எதிர்த்திசையில், கிழக்கே 250 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. போக ஏறத்தாழ மூன்று மணி, மொன்றியலுக்கு மீண்டு வர மூன்று மணி. அதற்குப் பிறகுதான் ரொறன்ரோவுக்கான ஐந்தரை, ஆறு மணி ஓட்டம். நாலு வயதுப் பிள்ளையையும் முழங்கால் நோவுள்ளவரையும் காருக்குள் இப்படி அடைத்து வைப்பது நியாயமில்லை. இரண்டு இரவு தங்குங்கள். முடியாதென்றால் இந்த முறை மொன்றியலோடு நிறுத்திக்கொண்டு, கியூபெக்குக்கு இன்னொரு வருடம் போங்கள்.

'பழைய கட்டடங்கள்தானே' என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. மெக்சிகோவுக்கு வடக்கே, மதில் குலையாமல் நிற்கும் நகரம் இது ஒன்றுதான். மதிலின் நீளம் 4.6 கிலோமீற்றர். 1608இல் பிரெஞ்சு நாடுகாண் பயணி சாம்ப்ளேன் குடியேற்றத்தைத் தொடங்கிய இடம்தான் இன்றைய பிளாஸ் ருவாயால் சதுக்கம். 1871இல் பிரித்தானியப் படை வெளியேறியதும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மதிலை இடிக்கத் துடித்தார்கள் ஊர் வணிகர்கள். தடுத்தவர் அப்போதைய ஆளுநர் நாயகம் டஃபரின் பிரபு; 1884இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போனவரும் அவரே. ஆற்றைப் பார்த்த பலகைத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1985இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இனி மாமியின் முழங்கால். அந்த ஊர் ஒரு செங்குத்துப் பாறையின் மேலும் கீழுமாக இரண்டு தட்டில் இருக்கிறது. மேலே மதில், சிற்றடல் கோட்டை, 1893இல் திறந்த ஷாட்டோ ஃபிரோந்தனாக் விடுதி. கீழே பெத்தி ஷாம்ப்ளேன் தெரு, பிளாஸ் ருவாயால், படகுத்துறை. குடும்பங்கள் களைத்துப் போவதற்குக் காரணம் தூரம் அல்ல, ஒரே நாளில் மூன்று நாலு தடவை ஏறி இறங்குவதுதான். ஒரு நாளுக்கு ஒரு தட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைக்கும் 'கழுத்து முறிக்கும் படிக்கட்டு' 59 படிகள் கொண்டது, பெயருக்கேற்ற செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை அதிகம் வருத்தும், ஆகவே 'இறங்க மட்டும் படியில் போகலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்திலேயே ஃபியூனிகுலர் இருக்கிறது. பாறைச் சரிவில் கம்பிவடம் இழுக்கும் பெட்டி, 1879 முதல் ஓடுகிறது. தள்ளுவண்டியையும் ஏற்றலாம். பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவார்கள், புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே தெருக்களில் கல் பாவியிருக்கிறது. சின்னச் சக்கரத் தள்ளுவண்டி அதில் இடறும். பெரிய சக்கரமுள்ளதைக் கொண்டுபோங்கள்.

மதிலுக்குள் அறை எடுக்கும்போது விலைக்கு முன் கேட்க வேண்டியது, லிஃப்ட் உண்டா என்பதுதான். பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்கள் பலவற்றில் இல்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தரைத்தள அறை கேளுங்கள். கார் நிறுத்தவும் பெரும்பாலும் இடம் இராது. வந்ததும் நகரசபைக்குக் கீழுள்ள நிலத்தடித் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுக் காரை மறந்துவிடுங்கள்.

தெருவில் நிறுத்தினால் தண்டப்பணம் வாங்கித் தருவது பலகைதான். ஒரே கம்பத்தில் மூன்று பலகை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மூன்றும் சேர்ந்தே சட்டம். அதில் எம், ஏ, ஆர் என்ற மூன்று எழுத்தைக் கண்டு 'மார்ச் மாதத்துக்குத்தானே' என்று நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிரெஞ்சில் அது செவ்வாய்க்கிழமை. எம், ஈ, ஆர் என்றால் புதன். 13எச் என்பது பகல் ஒரு மணி.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். விடுதியிலும் உணவகத்திலும் ஆங்கிலத்தில் பேசினால் பதில் கிடைக்கும். ஆனால் வாய் திறந்ததும் முதல் சொல் வணக்கம் சொல்லும் 'போன்ஷூர்' ஆக இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். 1759 செப்டெம்பர் 13இல் ஏபிரகாம் சமவெளியில் அரை மணி நேரம்கூட நீடிக்காத சண்டையில் பிரித்தானியரிடம் ஊரை இழந்த பிரெஞ்சுக்காரரின் வழிவந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் மொழியை விடவில்லை. பிரான்சிலேயே சந்திப் பலகையில் 'ஸ்டொப்' என்றிருக்க, இங்கே 'நிறுத்து' என்ற பொருளில் 'அறே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

சாப்பாட்டில்தான் உண்மையான கவனம் தேவை. 'மரக்கறி' என்று தோன்றுவது பலதும் மரக்கறி அல்ல. வெங்காய சூப்பின் அடிச்சாறு வழக்கமாக மாட்டிறைச்சியில் இறக்கியது. பட்டாணி சூப்பில் பன்றி. பூத்தினில் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் சரி, மேலே ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறு. மரக்கறிக் குழம்பு உண்டா என்று கேட்டே வாங்குங்கள். மெல்லிய தோசை போன்ற க்றேப் பாதுகாப்பானது, ஆனால் மாவிலேயே முட்டை இருக்கும். 'ஸான் வியாந்த்' என்றால் இறைச்சி இல்லாமல். மீனும் கூடாதென்று தனியாகச் சொல்ல வேண்டும். பட்டியலில் 'ஆந்த்ரே' என்றிருப்பது முன்னுணவு, முழுச் சாப்பாடு அல்ல. 'டெஷனே' அங்கே காலைச் சாப்பாடு, 'டினே' மதியம், 'சூப்பே' இரவு. வரி ஒன்ராறியோவின் 13 வீதம் அல்ல, மத்திய வரி, மாகாண வரி இரண்டும் சேர்ந்து 14.975 வீதம். 100 டொலர் சாப்பாட்டுக்கு வரியும் 15 வீத டிப்ஸும் சேர்த்து 130 டொலர் எடுத்து வையுங்கள்.

முதல் நாள் மேல் தட்டு: காலை 10 மணிக்குச் சிற்றடலில் காவல் மாற்றம். சிவப்புச் சட்டை, கரடித்தோல் தொப்பி, கட்டளை முழுக்கப் பிரெஞ்சில், கூடவே படைப்பிரிவின் ஆடு பத்தீஸ். நாலு வயதுக்கு அந்த ஆடு போதும். அடுத்த நாள் காலை காரில் கால் மணி தூரத்தில் மொன்மொரென்சி அருவி. 83 மீற்றர், நயாகராவைவிட ஏறத்தாழ 30 மீற்றர் கூட. அங்கே 487 படி இருக்கிறது, ஏற வேண்டாம். கேபிள் காரில் போனால் மாமியும் அருவியின் தலைக்கு வரலாம். மாலையில் கீழ் தட்டுக்கு இறங்கி, ஆற்றின் அக்கரையிலுள்ள லெவிக்குப் போகும் படகில் ஏறுங்கள். போக ஏறத்தாழ 12 நிமிடம். போகும்போது பின்பக்கம் நில்லுங்கள்: பாறை, மதில், ஷாட்டோ மூன்றும் ஒரே பார்வையில் விளக்கேற்றி நிற்கும். ஆற்றுக் காற்று ஆவணியிலும் குளிரும், மாமிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.