பார்சலும் சுங்க வரியும்: வாசகர் கேள்வி பதில்

(திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் கம்பனியொன்றின் வாஃப் கிளாக்கராக (துறைமுக எழுதுவினைஞராக) இருந்து ஓய்வுபெற்றவர் இம்முறை பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, வீட்டில் கேக் செய்து விற்கிறேன். சீன இணையக் கடையொன்றில் கேக் அடிக்கும் மெஷின் எடுத்தேன். நம் காசுக்கு 10,000 ரூபாய், டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தது. இப்போது கூரியர்காரர் 8,400 ரூபாய் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். இது நியாயமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நியாயமா என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான், தங்கச்சி. சரியா என்று கேட்டால் கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுங்கம் பார்ப்பது பொருளின் விலையை மட்டுமில்லை. விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி வரும் தொகைக்குத்தான் வரி. துறைமுகத்தில் அதை ‘சிஐஎஃப்’ என்போம். இலவச டெலிவரி என்றால் கூலியை விலைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ரூபாய்க்கு மாற்றுவதும் உங்கள் வங்கி அட்டையில் கழிந்த வீதத்தில் அல்ல, சுங்கத் திணைக்களம் வாராவாரம் வெளியிடும் வீதத்தில்.

அந்தத் தொகை 10,000 ரூபாய் என்றே வைப்போம். சுங்கத் தீர்வை பொருளுக்குப் பொருள் மாறும்; கணக்குக்காக 20 வீதம் என்று எடுக்கிறேன். அது 2,000. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு பொதுவாக 10 வீதம், அது 1,000. இதுவரை 3,000தான், பொறுத்துக்கொள்ளலாம். அடுத்துத்தான் வற், அதாவது பெறுமதி சேர் வரி, வருகிறது. வற் 10,000க்குப் போடப்படுவதில்லை. முதலில் 10,000ஐ 10 வீதத்தால் கூட்டி 11,000 ஆக்குவார்கள். கூட்டிய அந்த ஆயிரம் யாருடைய பைக்கும் போகிற காசு இல்லை, வற் கணக்குக்கு மட்டுமான ஒரு கூட்டல். அதன்மேல் முன்னே போட்ட 3,000ஐயும் சேர்த்தால் 14,000. அதற்கு 18 வீதம் 2,520. அதே 14,000க்கு 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு வரி 350. ஆக மொத்தம் 5,870 ரூபாய். ஆம், வரிக்கும் வரி கட்டுகிறோம். 2022 மே வரை வற் 8 வீதமாக இருந்தது. 2024 ஜனவரியிலிருந்துதான் 18.

அப்படியானால் மீதி 2,530? இரண்டு வழி இருக்கிறது. உள்ளூர் உற்பத்தியைக் காப்பாற்றவென்று சில பொருள்களுக்கு ‘செஸ்’ என்று இன்னொரு வரி உண்டு; அது இருந்தால் அதோடு சேர்ந்து வற்றும் சமூகப் பாதுகாப்பு வரியும் ஏறும். இல்லையென்றால் அது கூரியர் கம்பனியின் சொந்தக் கட்டணம்: கிளியரிங் கூலி, கையாளும் கூலி, களஞ்சிய வாடகை. இது அரசாங்கத்துக்குப் போவதில்லை, ஆனால் பில்லில் வரியோடு ஒட்டிக்கொண்டு வரும். சனம் சுங்கத்தைத் திட்டுவதில் பாதி உண்மையில் இந்தக் காசுக்காகத்தான். ‘வரியும் கட்டணமும்’ என்று ஒரே தொகையாக எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். சுங்கத்துக்குக் கட்டியது எவ்வளவு, கூரியர் கம்பனிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சுங்க மதிப்பீட்டின் பிரதியையும் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காதவர்களுக்குத் தானாகத் தந்ததை நான் பார்த்ததில்லை.

இனி ஒன்று எடுக்கும்போது, காசு கட்ட முன்பு எச்.எஸ். இலக்கத்தை, அதாவது சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் இலக்கத்தை, பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான அரைக்கும், அடிக்கும் மின்சார மெஷின்கள் 8509.40இல் வரும். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றுதான். சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்துக்கு நேரே எல்லா வரிகளும் ஒரே வரிசையில் இருக்கும்.

கேள்வி: மகளின் கலியாணத்துக்குச் சென்னையிலிருந்து பட்டுச் சேலைகள் தருவித்தோம். இந்தியாவோடு நமக்குச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இருக்கிறதே, பிறகு ஏன் வரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலையூற்று

பதில்: இருக்கிறது, சேர். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சலுகை சென்னையில் வாங்கியதால் மட்டும் கிடைத்துவிடாது. இந்தியாவில் உற்பத்தியானதுதான் என்று அங்குள்ள அதிகாரம் பெற்ற நிறுவனம் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். கடைக்காரர் நான்கு சேலைக்காக அதை எடுத்துத் தரப்போவதில்லை. எடுத்துத் தந்தாலும் குறைவது சுங்கத் தீர்வை ஒன்றுதான்; துறைமுக அறவீடும் வற்றும் அப்படியே நிற்கும். சான்றிதழ் விஷயம் கொள்கலன் கணக்கில் இறக்கும் வியாபாரிகளுக்குத்தான் லாபம்.

வரலாறு படிப்பித்த உங்களுக்குத் தெரியாததில்லை: ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பேரெடுத்த முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த 1070ஆம் ஆண்டில்தான் இலங்கை சோழர் கையை விட்டுப் போனது. ஒரு மயிரிழையில் தவறவிட்டோம்.

கேள்வி: மகன் கத்தாரில் வேலை. கார்கோவில் பெட்டி போடப் போகிறான். ‘அன்பளிப்பு’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போட்டால் வரி வராது என்று அவன் அறையில் இருக்கும் பொடியன்கள் சொல்கிறார்களாம். செய்யலாமா?
– ஒரு தாய், கிண்ணியா

பதில்: வேண்டாம் அம்மா. அன்பளிப்பு என்று எழுதியதும் வரி விலகிவிடாது. யார் காசு கட்டினார்கள் என்பது சுங்கத்துக்குப் பிரச்சினையே இல்லை. விலைக் கதை அதைவிட மோசம். எழுதிய விலையை அதிகாரி நம்பாவிட்டால், அதே மாதிரிப் பொருள்கள் முன்பு என்ன விலைக்கு இறங்கின என்று பார்த்துத் தானே மதிப்புப் போடலாம். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு விதிகள் நமது 1869ஆம் ஆண்டுச் சுங்கக் கட்டளைச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன. பொய்ப் பிரகடனம் என்று பிடிபட்டால் தண்டப்பணம், பொருளும் பறிபோகலாம். இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள்: பெட்டி தொலைந்தால் எழுதிய விலைக்குத்தான் நட்டஈடு. ஐயாயிரம் என்று எழுதிவிட்டு ஐம்பதாயிரம் கேட்க முடியாது.

கார்கோக்காரர் பாஸ்போட் பிரதி கேட்பார்கள். பெட்டி பயணியின் பொதியாகப் போவதால் அது தேவை, சந்தேகப்பட வேண்டாம். வீட்டுக்குத் தேவையான அளவோடு நிற்கட்டும். ஒரே வாசனைத் தைலத்தில் இரண்டு டசின் இருந்தால் எந்த அதிகாரிக்கும் கடைதான் ஞாபகம் வரும். சாமான் பட்டியலை அவனே கையால் எழுதி, ஒரு பிரதியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் அனுப்பட்டும். புதுப் போன் வைக்கிறான் என்றால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாத போனில் இங்கே சிம் வேலை செய்யாமல் போகலாம். அதை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உலகமே புகழும் இயற்கைத் துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. ஒரு சின்னப் பார்சலுக்கு ஏன் கொழும்பு?
– வாசகர், உட்துறைமுக வீதி

பதில்: நம் துறைமுகத்துக்கு வருவது கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எண்ணெய் போன்ற மொத்தச் சரக்கு. உங்கள் பார்சல் கட்டுநாயக்கவில் விமானத்தால் இறங்கி, தபாலில் வந்ததென்றால் கொழும்பு மத்திய தபால் பரிவர்த்தனை நிலையத்துக்குப் போகிறது. ஆழமான கடல் இருந்து என்ன பயன்? இரவு ரயிலில் போய் வருகிறவர்களின் களைப்பைப் பார்க்கும்போது எனக்கும் கோபம் வரும். தபாற் கந்தோரிலிருந்து துண்டு வந்தால் அதில் எங்கே, எதைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறது என்று நன்றாக வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். அடையாள அட்டை, காசு கட்டிய ரசீது, கடையின் விலைப்பட்டியல் மூன்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். போன் திரையில் காட்டலாம் என்று போய்த் திரும்பியவர்கள் உண்டு.

கேள்வி: ‘உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, இந்த லிங்கில் சிறு தொகை கட்டுங்கள்’ என்று மெசேஜ் வருகிறது. நான் எதுவும் ஓடர் பண்ணவில்லை.
– மாணவி, மூதூர்

பதில்: கள்ளர். அழித்துவிடுங்கள். தபால் திணைக்களமே இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. அட்டை இலக்கத்தைக் கொடுத்திருந்தால் இப்போதே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள்.

கேள்வி: விருந்தினர் விடுதி நடத்துகிறேன். கடற்கரையைப் படம் பிடிக்க வெளிநாட்டில் ட்ரோன் வாங்கலாம் என்றிருக்கிறேன். வரி எவ்வளவு வரும்?
– வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, உங்களுக்கு வரி இரண்டாவது பிரச்சினை. ட்ரோனை நாட்டுக்குள் இறக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. கடற்படைத் தளமும் சீனன்குடா விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் இதை யாரும் லேசாக எடுக்கமாட்டார்கள். கடிதங்கள் கையில் வந்த பிறகு ஓடர் பண்ணுங்கள். இல்லையென்றால் பொருள் களஞ்சியத்தில் கிடக்க, நீங்கள் இங்கிருந்து வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.