பாதி படம் கருப்பா வந்தா லேப் மேல பழி போடாதீங்க

கேள்வி: அண்ணே வணக்கம், பாலக்கோட்டுல இருந்து எழுதுறேன். எங்க சித்தப்பா முன்னாடி ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. அவரோட பென்டாக்ஸ் கே1000 கேமரா, 50 எம்எம் லென்ஸ், ஒரு பழைய பிளாஷ் எல்லாம் பரண் மேல பையோட கெடந்துச்சு. எடுத்து தொடச்சு ரெண்டு கலர் ரோல் போட்டேன். முதல் ரோல்ல ஒகேனக்கல் போனதும் வீட்டு காதுகுத்தும் எடுத்தேன். பகல்ல எடுத்ததுல ஓரத்துல ஆரஞ்சு கலர்ல கோடு கோடா இருக்கு, ராத்திரி பிளாஷ் போட்டது எல்லாம் பாதி கருப்பு. ரெண்டாவது ரோல்ல ஒண்ணுமே விழல. லேப்ல கெடுத்துட்டாங்களோன்னு சந்தேகம். வெளிச்சம் அளக்கற மீட்டர் முள்ளும் அசைய மாட்டேங்குது. ரிப்பேர் பண்ணலாமா, ஷோகேஸ்ல வெச்சிடலாமா? பையில 'இந்து'ன்னு பேர் போட்ட பழைய கருப்பு வெள்ளை பிலிம் ரோல் ஒண்ணு வேற இருக்கு, அத போடலாமா?

பதில்: தம்பி, ஷோகேஸ் பேச்ச விடு. கே1000ங்கறது 1976ல வந்து 1997 வரைக்கும் விடாம வித்த கேமரா, முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், அது செத்துப்போனாலும் ஷட்டர் அடிக்கும். நீ சொன்ன நாலு கோளாறுல மூணு உன் வீட்லயே சரி பண்ணக்கூடியது. ஆனா ஸ்க்ரூட்ரைவர கையில எடுக்கறதுக்கு முன்னாடி லேப்ல இருந்து நெகட்டிவ வாங்கிட்டு வா, ஸ்கேன் பண்ணி போனுக்கு அனுப்பறதோட விட்டுடாத. எங்க வலிக்குதுன்னு கேமராவுக்கு சொல்லத்தெரியாது, நெகட்டிவ் சொல்லிடும்.

முதல்ல அந்த காலி ரோலப் பாரு. பிலிம் ஓரத்துல, ஓட்டை வரிசைகிட்ட, கம்பெனி பேரும் நம்பரும் சின்னதா தெரியுதா? தெரிஞ்சா லேப்காரர் ஒழுங்காத்தான் கழுவியிருக்காருன்னு அர்த்தம், ஏன்னா அந்த எழுத்த பேக்டரியிலயே வெளிச்சம் காட்டி பதிச்சிருப்பாங்க, கழுவினாதான் வெளிய வரும். எழுத்தும் இல்லன்னா மட்டும்தான் மருந்து மேல சந்தேகப்படணும். உன் கதையில எழுத்து இருக்கும்னு நான் அடிச்சு சொல்றேன். பிலிம் ஸ்பூல்ல மாட்டவே இல்ல, நீ லீவர தள்ளத்தள்ள நம்பர் மட்டும் ஏறியிருக்கும், பிலிம் வீட்ட விட்டு நகரல. அந்த கவுண்டர் லீவர் எத்தன தடவ வந்துச்சுன்னுதான் எண்ணும், பிலிம் நகர்ந்துச்சான்னு அதுக்கு தெரியாது. நானே ஆரம்பத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன் முழுக்க இப்படி எடுத்து பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன், அதனால வெக்கப்படாத.

பிலிம் நாக்க, அதாவது டப்பாவுல இருந்து வெளிய நீட்டிட்டு இருக்கிற முனைய, வலது பக்க ஸ்பூல் கீத்துல நல்லா சொருகி, மேலயும் கீழயும் ரெண்டு வரிசை ஓட்டையும் பல்லுல உக்காந்துச்சான்னு பாத்து, ஒரு சுத்து சுத்தினப்புறம் கதவ மூடு. மூடினதும் இடது பக்க ரீவைண்ட் கைப்பிடிய மெதுவா சுத்தி லூசு இல்லாம பண்ணிக்க, லேசா இறுகினதும் நிறுத்திடு. அடுத்து லீவர் தள்ளும்போது அந்த இடது நாப் எதிர் பக்கமா திரும்பணும். திரும்பினா பிலிம் ஓடுது, திரும்பலன்னா அங்கயே கதவத் திறந்து மறுபடி மாட்டு. ரோல் முடிஞ்சு லீவர் மக்கர் பண்ணா முறுக்காத, அடியில இருக்கிற சின்ன பட்டன அமுக்கிட்டுத்தான் பின்னாடி சுத்தணும், அத மறந்தா ஓட்டை எல்லாம் பிஞ்சிடும்.

இப்ப பாதி கருப்பு. இந்த கேமராவுல ஷட்டர்ங்கறது ரெண்டு துணி திரை, பக்கவாட்டுல ஓடும். முதல் திரை திறந்துட்டே போகும், பின்னாடியே ரெண்டாவது மூடிட்டே வரும். ஷட்டர் வேகம் 60, அதாவது ஒரு செகண்டுல அறுபதுல ஒரு பங்கு, வரைக்கும் பிலிம் முழுசா திறந்து நிக்கிற ஒரு நிமிஷம், நிமிஷம்னா பேச்சுக்கு, கிடைக்குது. அதுக்கு மேல 125, 250னு வெச்சா முதல் திரை போய் சேர்றதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிடும், எப்பவும் ஒரு கீத்து மட்டும்தான் திறந்திருக்கும். பிளாஷ் கண் சிமிட்டறதுக்குள்ள அடிச்சு ஓஞ்சிடும், அந்த நேரம் எங்க திறந்திருக்கோ அங்க மட்டும் வெளிச்சம் விழும், மிச்சம் கருப்பு. அதனால பிளாஷ் போட்டா 60, இல்ல அதுக்கு கீழ. பகல்ல ஒகேனக்கல்ல 250ல எடுத்துட்டு அப்படியே காதுகுத்துக்கும் விட்டுட்டியோன்னு நினைக்கிறேன்.

பிலிம் செலவில்லாம இத சோதிக்கலாம். கேமராவ காலி பண்ணி பின் கதவத் திற, லென்ஸ்ல துவாரத்த (அபெர்ச்சர்) மாத்தற வளையத்த 2ல வை, பிளாஷ மாட்டி வெள்ள சுவத்த பாத்து நில்லு, பின்னாடி கண்ண வெச்சுகிட்டு அடி. 60ல முழு கட்டமும் பளிச்சுன்னு தெரியணும், 125ல ஒரு பக்கம் வெட்டுப்பட்டு தெரியும், அது இயற்கை. ஆனா 60லயும் வெட்டுப்பட்டா திரை எண்ணெய் காஞ்சு இழுக்குதுன்னு அர்த்தம், அது மட்டும்தான் மெக்கானிக் வேலை. அதுக்குன்னு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு பாப்போம்னு கிளம்பாத. ஒருத்தர் அப்படி விட்டு எடுத்துட்டு வந்தாரு, எண்ணெய் துணியில ஊறி தூசியோட சேர்ந்து பிசின் மாதிரி ஆகி, ஷட்டர் பாதியிலயே நின்னுடுச்சு.

அந்த பழைய பிளாஷ நேத்து வாங்குன டிஜிட்டல் கேமராவுல மட்டும் மாட்டிடாத. சில பழைய பிளாஷ்ல, கேமரா மேல பிளாஷ் மாட்டற ஷூவுக்கு வர்ற வோல்டேஜே நூறு, இருநூறுன்னு இருக்கும், கே1000க்கு அது ஒண்ணுமில்ல, புதுசுக்கு போர்டு போயிடும். உள்ள இருக்கிற கண்டென்சர்ல சுமார் 300 வோல்ட் நிக்கும், பேட்டரி கழட்டினாலும் கொஞ்ச நேரம் இருக்கும், அதனால பிரிச்சு பாக்கற ஆசை வேண்டாம். ரொம்ப வருஷம் சும்மா கெடந்ததுன்னா புது செல் போட்டு லைட் எரியற வரைக்கும் விட்டு, ஏழெட்டு தடவ அடிச்சு பழக்கு.

ஆரஞ்சு கோடு வர்றது பின் கதவ சுத்தி இருக்கிற பஞ்சால. விரல வெச்சு பாரு, தார் மாதிரி ஒட்டும். வெளிச்சம் பிலிமோட முதுகு பக்கமா புகுது, கலர் பிலிம்ல சிவப்புக்கான அடுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு, அதனாலதான் கோடு ஆரஞ்சா, சிவப்பா வருது. பல்குத்துற குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வெச்சு பழசெல்லாம் சுரண்டி எடு, துண்டு ஒண்ணுகூட ஷட்டர் திரை மேல விழக்கூடாது, திரைய கையால தொடவும் கூடாது. அந்த பள்ளத்துல ஃபேன்சி ஸ்டோர்ல கிடைக்கிற கருப்பு உல்லன் நூல பதிச்சு ஒட்டலாம், கீல் பக்கம் மட்டும் கருப்பு வெல்வெட் துணி ஒரு பட்டை. இதெல்லாம் பண்ண இப்ப நேரம் இல்லன்னா ஒரு ரோலுக்கு கதவோட இடுக்க சுத்தி கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பாரு, கோடு போயிடுச்சுன்னா காரணம் உறுதி.

மீட்டருக்கு எஸ்ஆர்44 பட்டன் பேட்டரி ஒண்ணு போதும். எல்ஆர்44ம் உக்காரும், ஆனா அது போகப்போக வோல்டேஜ் இறங்கும், எஸ்ஆர் கடைசி வரைக்கும் நிலையா நிக்கும். பேட்டரி மூடிய காசு வெச்சு திறந்து பாத்தா உள்ள பச்சையா பூத்திருக்கும், காது குடையற பஞ்சுல துளி வினிகர் தொட்டு தொடச்சு, காஞ்சப்புறம் ஆல்கஹால்ல ஒரு தடவ தொடச்சிடு. இந்த மாடல்ல மீட்டருக்கு சுவிட்சே கிடையாது, லென்ஸ் மூடிதான் சுவிட்சு, இருட்டானா கரண்ட் இழுக்கறது ஏறக்குறைய நின்னுடும். மூடிய தொலைச்சவன் மாசாமாசம் பேட்டரி வாங்குவான்.

முள்ளு எழும்பலன்னாலும் நம்ம ஊர் வெயிலுக்கு மீட்டரே வேண்டாம். ஐஎஸ்ஓ 200 ரோலா, ஷட்டர் 250, லென்ஸ் அபெர்ச்சர் 16, உச்சி வெயில்ல கண்ண மூடிகிட்டு அடிக்கலாம், புளியமர நிழல்னா 5.6க்கு இறக்கு, அவ்ளோதான். ஒகேனக்கல்ல மீட்டர் வேலை செஞ்சாலும் அருவி நுரைய நேரா காட்டி அளக்காத, வெள்ளைய பாத்து ஏமாந்து பாறையையும் பரிசல்காரர் முகத்தையும் கரியாக்கிடும். பக்கத்துல இருக்கிற பாறையில அளந்துட்டு படம் எடு. லென்ஸ் வாய்க்கு 49 எம்எம்ல ஒரு யுவி பில்டர் போட்டுக்க, சாரல் லென்ஸ்ல படாது.

பரண்ல கெடந்தது இல்லயா, லென்ஸ பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு பாரு. சிலந்தி வலை மாதிரி இருந்தா பூஞ்சை. ஓரத்துல மட்டும் லேசா இருந்தா படத்துல தெரியாது, பயப்படாத. அந்த தோல் பை ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், அத தூரமா வை. கேமராவ காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போடு, அரிசில புதைக்கிற வைத்தியம் வேண்டாம், தவிட்டு தூசி எல்லாம் லென்ஸ் வளையத்துக்குள்ள போயிடும்.

கடைசியா அந்த இந்து ரோல். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல போட்டது, கம்பெனியே இப்ப இல்ல. போடறதுக்கு முன்னாடி நாக்கு வெளிய நீட்டிட்டு இருக்கான்னு பாரு. நீட்டிட்டு இருந்தா அநேகமா எடுக்காத ரோல், அத்தன வருஷத்துல மங்கிப் போயிருக்கும், அத பட்டப்பகல்லயே மாட்டி மாட்டி கழட்டி லோடிங் பழகறதுக்கு வெச்சுக்க, ஒரு ரோல் விக்கிற விலைக்கு அதுவே பெரிய லாபம். நாக்கு உள்ள போயிருந்தா கைய வெக்காத, அதுல சித்தப்பா எடுத்த படம் இருக்கலாம். கலர் லேப்ல கொடுத்துடாத தம்பி, கலர் மருந்து கருப்பு வெள்ளை பிலிம்ல இருக்கிற வெள்ளிய மொத்தமா அலசிடும், வெறும் பிலிம்தான் கையில வரும். கருப்பு வெள்ளை கழுவத் தெரிஞ்ச ஆளா பாத்து, எவ்ளோ பழைய ரோல்னு சொல்லியே கொடு.