பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பிவிட்டது; பெற்றோருக்கு வழி திறக்குமா?

கேள்வி: 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானும் மனைவியும் இலங்கையிலிருந்து படகில் புறப்பட்டுக் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மீளாய்விலும் நீதிமன்றத்திலும் தோற்றுவிட்டோம். இப்போது மெல்பேர்னில் பிரிட்ஜிங் விசா ஈ என்ற இடைக்கால விசாவில் இருக்கிறோம். எனக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. இங்கே பிறந்த எங்கள் மகனுக்குக் கடந்த மாதம் பத்து வயது நிரம்பியது. 'பிள்ளையின் குடியுரிமையை வைத்து உங்களுக்கும் நிரந்தர வதிவிடம் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவர் பல ஆயிரம் டொலர் கேட்கிறார். நம்பலாமா? எங்களை நாடு கடத்துவார்களா?

பதில்: அன்பின் சகோதரருக்கு, முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைத்தான் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்.

உண்மையான பாதி உங்கள் மகனுடையது. அவுஸ்திரேலியக் குடியுரிமைச் சட்டம் 2007-இன் 12ஆம் பிரிவின்படி, இந்த நாட்டில் பிறந்து, பிறந்த நாள் முதல் பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கேயே வழமையாக வாழ்ந்த பிள்ளை தானாகவே குடிமகனாகிவிடுகிறது. பெற்றோர் படகில் வந்தவர்களா, அவர்களிடம் என்ன விசா இருக்கிறது என்பதை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. யாருடைய தயவும் இதற்குத் தேவையில்லை. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்ட குடியுரிமைக்கான அத்தாட்சிக்கு மட்டுமே. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, பாடசாலை அறிக்கைகள், மருத்துவரிடம் காட்டிய பதிவுகள் என ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏதாவது ஓர் ஆவணம் இருக்கும்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

இனி மறுபாதி. மகன் குடிமகனானதால் உங்களுக்கும் மனைவிக்கும் எந்த விசாவும் தானாகக் கிடைப்பதில்லை. குடிவரவுச் சட்டத்தின் 46ஏ பிரிவு, அனுமதியின்றிக் கடல்வழி வந்து பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்கள் நாட்டுக்குள் இருந்தபடி வேறு விசாவுக்கு விண்ணப்பிப்பதைத் தடுக்கிறது. பெற்றோர் விசா, வேலை வழங்குநர் ஆதரவு விசா, குடிமகன் ஒருவரைத் திருமணம் செய்தவருக்கான விசா எல்லாமே இந்தத் தடையில்தான் முட்டி நிற்கின்றன. தடையை நீக்கும் அதிகாரம் குடிவரவு அமைச்சருக்கு மட்டுமே உண்டு. அது நீங்காமல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் செல்லுபடியற்றது என்று திரும்பி வரும். இலங்கைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டைவிட்டுப் போனது இலங்கைச் சட்டத்தில் குற்றம். திரும்புவோரைக் கட்டுநாயக்கவில் விசாரித்து நீதவான் முன் நிறுத்துவது வழக்கமாகவே இருந்து வருகிறது. அஞ்சி ஓடிவந்த ஒரு குடும்பத்துக்கு இதை ஒரு 'வழி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் உங்களைப் போன்ற பலருக்கு 2023இல் நிரந்தர விசா எப்படிக் கிடைத்தது? 2023 பெப்ரவரியில் அரசாங்கம் டி.பி.வி. என்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாவோ, அதைப் போன்ற இன்னொரு தற்காலிகப் பாதுகாப்பு விசாவான ஷெவ் விசாவோ வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடப் பாதையைத் திறந்தது. 851 எண்ணுள்ள அந்த விசா, 14 பெப்ரவரி 2023க்கு முன் அந்த இரண்டில் ஒன்றை வைத்திருந்தவர்களுக்கும், விண்ணப்பித்து முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் உரியது. பாதுகாப்புக்குத் தகுதியில்லை என்று இறுதியாக நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே விடப்பட்டார்கள். ஒரே ஆண்டில், ஒரே கடலைக் கடந்து வந்த இரு குடும்பங்களில் ஒன்று இன்று வீடு வாங்குகிறது. மற்றது அடுத்த பிரிட்ஜிங் விசாவுக்காகக் காத்திருக்கிறது.

'அவர்களுக்கு விசாரணை கிடைத்தது, தோற்றார்கள், போக வேண்டும்' என்று பாராளுமன்றத்திலும் வானொலியிலும் சொல்பவர்கள் அந்த விசாரணை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். 2012 ஓகஸ்ட் 13 முதல் 2013 முடியும்வரை படகில் வந்தவர்களுக்காக 2014இல் 'ஃபாஸ்ட் ட்ராக்' என்றொரு தனிமுறை உருவாக்கப்பட்டது. அதில் மீளாய்வு பெரும்பாலும் கோப்பிலுள்ள காகிதங்களை மட்டும் வைத்து நடந்தது. விண்ணப்பதாரரை நேரில் கேட்கும் கடமை இல்லை. முதல் நேர்காணலில் சொல்லாத ஒன்றைப் பின்னர் சொன்னால், விதிவிலக்கான சூழ்நிலை என்று நிரூபித்தால்தான் ஏற்பார்கள். சித்திரவதையையும் பாலியல் வன்முறையையும் முதல் நேர்காணலிலேயே, முன்பின் அறியாத மொழிபெயர்ப்பாளர் முன் முழுதாகச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? அந்த மீளாய்வு அமைப்பை 2024 ஒக்டோபரில் அரசாங்கமே மூடிவிட்டது. ஆனால் அந்த அமைப்பு நிராகரித்தவர்களின் கோப்புகளை மொத்தமாக மீண்டும் திறக்கவில்லை. இந்த அநீதிக்கு எதிராகத்தான், நிரந்தர விசா கேட்டு, 2023இல் 22 அகதிப் பெண்கள் மெல்பேர்னிலிருந்து கான்பராவரை 640 கிலோமீற்றர் நடந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்றாலும், ஊர்வலத்தில் கேட்கும் வாக்குறுதியை நம்பி உங்கள் கோப்பைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு மீதியிருக்கும் வழிகள் இரண்டு.

ஒன்று நீதிமன்றம். உங்கள் வழக்கு எந்தப் படியில் நின்றது என்று தெரிய வேண்டும். முதல் நீதிமன்றத்தோடு நிறுத்தினீர்களா, பெடரல் நீதிமன்றம்வரை போனீர்களா? மேன்முறையீட்டுக்கு 28 நாள் கெடு. அது கடந்துவிட்டாலும் தக்க காரணம் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்கலாம். கிடைப்பது அரிது. ஆனால் முடிவில் சட்டப் பிழை இருந்து கோப்பு மறுபரிசீலனைக்குத் திரும்பினால், பழைய ஷெவ் விண்ணப்பம் அந்த 851 விசாவுக்கான விண்ணப்பமாகக் கொள்ளப்படும். அதனால் உங்கள் தீர்ப்பை ஒரு சட்டத்தரணி ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும்.

மற்றது அமைச்சரின் தலையீடு. 46ஏ தடையை நீக்கும்படியோ, புதிதாகப் பாதுகாப்பு விசா கோர 48பி பிரிவின் கீழ் அனுமதிக்கும்படியோ கேட்கலாம். இந்தக் கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. அமைச்சர் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோரிக்கை நிலுவையில் இருப்பதாலேயே நாடு கடத்தல் சட்டப்படி நின்றுவிடாது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் முயல வேண்டும். குவீன்ஸ்லாந்தின் பிலோவீலாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு, 2018 முதல் தடுப்பில் அலைக்கழிந்த பிறகு, 2022 ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது அமைச்சரின் தலையீட்டால்தான். அவர்களுக்குப் பின்னால் ஓர் ஊரே நின்றது. உங்களுக்காக ஊர் திரளாமல் போகலாம். ஆனால் உங்கள் மகன் இப்போது அவுஸ்திரேலியக் குடிமகன். அவனைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா, அவன் அறியாத நாட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி கோரிக்கையின் நடுவில் இருக்க வேண்டும். அவனுடைய குடியுரிமை அத்தாட்சி, ஆசிரியரின் கடிதம், உளவியலாளரின் அறிக்கை, உங்கள் வேலை, வரிப் பதிவுகள், இலங்கையில் உங்களுக்குள்ள ஆபத்து பற்றிப் புதிதாக வந்த தகவல்கள் எல்லாம் ஒரே கோரிக்கையில் சேரட்டும். அரைகுறையாக ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததில் நிரப்பலாம் என்று எண்ணாதீர்கள். இரண்டாவது கோரிக்கைக்கு வரவேற்பு குறைவு.

நாடு கடத்தல் பற்றிய உங்கள் அச்சம் வீணானதல்ல. செல்லுபடியாகும் பிரிட்ஜிங் விசா இருக்கும்வரை நீங்கள் சட்டப்படி இங்கே இருப்பவர்கள். அது காலாவதியானால் தடுப்புக்காவல் கட்டாயம். ஆகவே முடிவுத் தேதிக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று, 2024 நவம்பரில் வந்த சட்டம். நாட்டைவிட்டு அனுப்பப்பட வேண்டியவர் என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவர், பயண ஆவணத்துக்குக் கையெழுத்திடுவது போன்ற உத்தரவுக்கு ஒத்துழைக்க மறுத்தால், குறைந்தது 12 மாதங்கள், கூடியது 5 ஆண்டுகள் சிறை. திரும்பப் போக அஞ்சுகிறேன் என்பதை அச்சட்டம் நியாயமான காரணமாக ஏற்பதில்லை. புறப்படுவதற்கான ஏற்பாடு செய்கிறேன் என்ற அடிப்படையில் பிரிட்ஜிங் விசா ஈ பெற்றவர்களும் இந்த வகைக்குள் வருகிறார்கள். உங்கள் விசா எந்த அடிப்படையில் தரப்பட்டது என்று வழங்கல் கடிதத்தில் பாருங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, 'புறப்படத் தயாராகிறேன்' என்ற கட்டத்தில் சட்டத்தரணியைக் கேட்காமல் குறியிடாதீர்கள். உத்தரவுக் கடிதம் ஏதேனும் வந்தால் அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

யாரிடம் போவது? குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணிக்கோ பதிவுபெற்ற குடிவரவு முகவருக்கோதான் உரிமை உண்டு. முகவராக இருந்தால் ஏழிலக்கப் பதிவு எண் இருக்கும். பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். உங்களிடம் பணம் கேட்டவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். மெல்பேர்னில் 'ரெஃப்யூஜி லீகல்' நிலையமும் புட்ஸ்கிரேயில் உள்ள 'ஏ.எஸ்.ஆர்.சி.' என்ற புகலிடம் கோருவோர் உதவி நிலையமும் இலவசமாகச் சட்ட உதவி செய்கின்றன. காத்திருப்பு நீளலாம். அந்த இடைவெளியில் தகவலறியும் உரிமையின் கீழ் உங்கள் முழுக் கோப்பையும் திணைக்களத்திடம் கேட்டுப் பெறுங்கள். சொந்தக் கோப்புக்குக் கட்டணம் இல்லை. நேர்காணல் ஒலிப்பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். மொழிபெயர்ப்பில் தவறியது என்ன என்று அதைக் கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக, உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. உங்கள் விண்ணப்பத்தில் குடும்ப உறுப்பினராக மட்டும் அவரைச் சேர்த்திருந்தால், அவருக்கு நேர்ந்தவை யாராலும் தனியாகக் கேட்கப்படாமலே போயிருக்கலாம். சட்டத்தரணியைச் சந்திக்கும் நாளில் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு அவர் தனியாகப் பேசட்டும்.